காஞ்சியும் வாகையும்: பால் கலாநிதியின் நோய்க்கால எழுத்தில் நம்பிக்கை

முன்னுரை

நோயுற்றவர் தம் நோயைத் தாமே எழுதும் தன்வரலாற்று வகை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலை இலக்கிய உலகில் தனித்த ஓர் இலக்கிய வகையாக நிலைபெற்றது. இவ்வகை நூல்கள் பெரும்பாலும் 'தன்னம்பிக்கை நூல்கள்' என்ற பொதுப்பெயரில் அடக்கப்பட்டு, வாசகருக்கு ஊக்கம் தருவன என்ற அளவிலேயே பாராட்டப்பெறுகின்றன. அந்த நம்பிக்கை எத்தகையது, எதன்மேல் நிற்பது, அதை உரைக்கும் மொழி எந்த மரபிலிருந்து வருவது என்னும் வினாக்கள் போதிய அளவு எழுப்பப்படவில்லை. பால் கலாநிதி (1977–2015) எழுதி, அவர் மறைவுக்குப்பின் 2016 சனவரியில் வெளிவந்த 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' என்னும் ஆங்கிலத் தன்வரலாற்று நூலை முதன்மைத் தரவாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாக்களை ஆராய முற்படுகிறது. நூலை விளங்கிக்கொள்ளத் தமிழ்ப் பொருளிலக்கண மரபின் காஞ்சித்திணை துணைநிற்கும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

ஆசிரியரும் நூலும்

கலாநிதி அமெரிக்காவில் பிறந்தவர். தமிழ்நாட்டு வேர்களைக் கொண்ட கிறித்தவக் குடும்பத்தைச் சார்ந்த இதயநோய் மருத்துவர் ஒருவருக்கும் இந்துக் குடும்பத்தில் பிறந்த தாய்க்கும் மகனாகப் பிறந்து, அரிசோனா மாநிலத்தின் கிங்மன் என்னும் பாலைநிலச் சிற்றூரில் வளர்ந்தார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் மனித உயிரியலும் பயின்றார். கேம்பிரிட்ஜில் அறிவியல், மருத்துவம் ஆகியவற்றின் வரலாறும் மெய்யியலும் கற்றார். யேல் மருத்துவப் பள்ளியில் 2007ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் ஸ்டான்ஃபோர்டிலேயே நரம்பியல் அறுவை மருத்துவப் பயிற்சியை மேற்கொண்டார். அப்பயிற்சி முடிவுறும் தறுவாயில், 2013 மே மாதம், முப்பத்தாறாம் அகவையில், நான்காம் கட்ட நுரையீரல் புற்றுநோய் அவருக்கு இருப்பது உறுதியாயிற்று. அவர் புகைப்பழக்கம் அற்றவர்.

நோய்க்காலத்தில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று 2014 சனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் வெளிவந்து பரவலான கவனம் பெற்றது. நூலை எழுதி முழுமையாக்கும் முன்பே 2015 மார்ச் 9ஆம் நாள் அவர் காலமானார். ஆபிரகாம் வர்கீஸ் எழுதிய அணிந்துரையோடும், மனைவி லூசி கலாநிதி எழுதிய பின்னுரையோடும் நூல் வெளிவந்தது. 2017ஆம் ஆண்டு புலிட்சர் பரிசின் வாழ்க்கை வரலாற்றுப் பிரிவில் இறுதிப் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

நூற்பெயர் ஆங்கிலக் கவிஞர் ஃபுல்க் கிரெவில் எழுதிய பாடலொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. மூச்சாக இருந்தது வெறுங்காற்றாகும் தருணம் என்பது அதன் கருத்து. தமிழில் உயிர், உயிர்த்தல், உயிர்ப்பு ஆகிய சொற்கள் ஒரே வேரின. வாழ்தலையும் மூச்சுவிடுதலையும் 'உயிர்த்தல்' என்னும் ஒரே வினை குறிக்கும். ஆகவே நுரையீரலைப் பற்றிய நோய் ஒன்று உயிரையே பற்றியது என்னும் உண்மை, இந்நூலைத் தமிழ்வழி அணுகுவோர்க்குத் தலைப்பிலேயே புலனாகிவிடுகிறது.

நூலமைப்பு

நூல் ஒரு முகப்புரையையும் இரு பகுதிகளையும் கொண்டது. முகப்புரை, மருத்துவர் ஒருவர் ஊடுகதிர்ப் படங்களைப் பார்த்து நோயின் பரவலை மதிப்பிடுவதாகத் தொடங்குகிறது. நுரையீரல் முழுவதும் கட்டிகள், முதுகெலும்பு சிதைந்துள்ளது, கல்லீரலின் ஒரு பகுதி அழிந்துள்ளது. இத்தகைய படங்களை அவர் எண்ணற்ற முறை பார்த்தவர். இம்முறை படம் அவருடையது. மருத்துவரும் நோயாளியும் ஒருவரே ஆகும் இந்நிலையே நூலின் அடிப்படை முரண்.

முதற்பகுதி நலத்தோடு இருந்த காலத்தையும் இரண்டாம் பகுதி நோய்க்காலத்தையும் கூறுகின்றன. இரண்டின் தலைப்புகளும் வால்ட் விட்மனின் பாடலிலிருந்து பெறப்பட்டவை. விட்மன் பற்றியே கலாநிதி முதுகலை ஆய்வேடு எழுதியவர் என்பதால் இத்தலைப்புகள் வெறும் அணிகள் அல்ல. மனித வாழ்வின் பொருளை இலக்கியம் உரைக்கும், மருத்துவம் அதன் களத்தைக் காட்டும் என்னும் இளமைக்கால நம்பிக்கையின் தடங்கள் அவை.

முதற்பகுதியில் பிறருடைய இறப்புகளே நிரம்பியுள்ளன. மாணவராக மகப்பேற்றுப் பிரிவில் கண்ட குறைமாத இரட்டையரின் இறப்பும், நோயாளி ஒருவரை இழந்தபின் தன்னுயிரைப் போக்கிக்கொண்ட நண்பரின் முடிவும் அங்கே பதிவாகின்றன. 'வி' என்னும் எழுத்தால் மட்டும் சுட்டப்பெறும் ஆய்வக ஆசான் கணையப் புற்றுநோய்க்கு ஆளாகி, தம் வாழ்வுக்குப் பொருள் இருந்ததா என மாணவரிடமே வினவுகிறார். விபத்தில் சிக்கியவர் இறந்துபோன அறைக்குள், தாம் விட்டுவந்த ஐஸ்கிரீமை எடுக்கத் தாம் திரும்பிச் சென்றதைக் கலாநிதி மறைக்காமல் எழுதுகிறார். பிறர் துன்பத்தைக் காணக்காணத் தம் உள்ளம் மரத்துப்போனதை ஒப்புக்கொள்ளும் இவ்விடம், பின்னர் வரும் நோய்க்காலப் பகுதியின் நேர்மைக்கு முன்சான்றாக அமைகிறது.

நோயெழுத்தும் போர் உருவகமும்

நோயெழுத்தை ஆராய்ந்த ஆர்தர் ஃபிராங்க் 1995இல் வெளியிட்ட 'த வூண்டட் ஸ்டோரிடெல்லர்' என்னும் நூலில் அதனை மூவகைப்படுத்துகிறார். நலமாக இருந்தேன், நோயுற்றேன், மீண்டும் நலமடைவேன் என்பது மீட்சிக் கதை. எந்த ஒழுங்கும் இன்றித் துன்பம் மட்டுமே தொடர்வது குழப்பக் கதை. நோயை ஏற்று, அதன்வழி எதையோ தேடிச் செல்வது தேடற் கதை. இப்பகுப்பை இந்நூலுக்குப் பொருத்தினால், அது மீட்சிக் கதையாகத் தொடங்கித் தேடற் கதையாக மாறுகிறது எனலாம். எனினும் தேடற் கதையில் தேடியவர் திரும்பி வந்து தாம் பெற்றதைப் பிறர்க்கு வழங்குவார். இங்கே தேடியவர் திரும்பவில்லை. வழங்கும் பொறுப்பு மனைவியின் பின்னுரைக்குச் சேர்கிறது. ஃபிராங்கின் பகுப்பில் இவ்விரட்டைக் குரலுக்குத் தெளிவான இடம் இல்லை.

சூசன் சொன்டாக் 1978இல் எழுதிய 'இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்' என்னும் நூல், புற்றுநோயைப் படையெடுப்பாகவும் சிகிச்சையைப் போராகவும் உருவகிக்கும் வழக்கைக் கடுமையாக மறுத்தது. அதை எழுதிய காலத்தில் அவரே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். ஆயினும் அச்செய்தியை நூலில் குறிப்பிடவில்லை. அவர் வாதத்தின் உட்கிடை ஒன்று இங்கு முதன்மை பெறுகிறது. நோய் போர் எனின், இறந்தவர் தோற்றவர் ஆகிவிடுகிறார். தமிழ் நாளிதழ்களிலும் 'புற்றுநோயை வென்றவர்', 'புற்றுநோயோடு போராடித் தோற்றவர்' என்னும் தொடர்கள் இயல்பாக வழங்குகின்றன. நுரையீரல் புற்றுநோயாளிக்கு இச்சுமை இரட்டிப்பாகிறது. புகைத்ததால் தேடிக்கொண்ட நோய் என்னும் பழி முதலிலும், போராடத் தவறினார் என்னும் பழி முடிவிலும் அவர்மேல் விழுகின்றன. உலக அளவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தனர் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. வேறெந்தப் புற்றுநோயும் அவ்வாண்டில் இத்தனை உயிர்களைக் கொள்ளவில்லை. இத்தனை பேரையும் தோற்றவர் என்று கூறும் ஒரு மொழி, உண்மையை மட்டுமின்றி மனிதரையும் குறைத்து மதிப்பிடுகிறது.

தமிழ்ப் புறத்திணை மரபின் சொற்களில் கூறுவதாயின், பொதுவழக்கு புற்றுநோயாளியின் கதையைத் தும்பையாகத் தொடங்கி வாகையாக முடிக்க விரும்புகிறது. கலாநிதியின் நூலோ காஞ்சியைச் சார்ந்தது. தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சியைப் பெருந்திணையின் புறனாக வைத்து, நிலையாமையை அதன் பொருளாக உரைக்கிறது. நிலையாமையை உணர்ந்தபின் செய்யத்தக்கது யாது என்னும் வினாவே காஞ்சியின் உயிர்நாடி. இந்நூலின் உயிர்நாடியும் அதுவே.

நம்பிக்கை என்னும் சொல்

நம்பிக்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளைக் கலாநிதி நூலில் ஆராய்கிறார். உறுதிப்பாடு, விருப்பம் ஆகிய இரண்டும் கலந்த ஒன்றை அச்சொல் தொடக்கத்தில் குறித்தது என்று அவர் கருதுகிறார். ஆனால் தம் நிலையில் இவ்விரண்டும் வெவ்வேறு திசைகளில் நிற்பதை அவர் காண்கிறார். விருப்பம் வாழ்வின்மேல், உறுதிப்பாடு இறப்பைப் பற்றியது. அவ்வாறாயின் நம்பிக்கை என்று தாம் கூறுவது எதனை என்பது அவர் எழுப்பும் வினா.

இச்சொல்லாய்வு தமிழ் ஆய்வாளர்க்குத் தனிச்சுவை உடையது. 'நம்பு' என்பதனை உரிச்சொல்லாகக் கொண்டு அதற்கு நசை என்னும் பொருளை உரியியலில் வகுத்தவர் தொல்காப்பியர். நசை என்பது விருப்பம். இன்று 'நம்பு' என்னும் சொல் விருப்பப் பொருளை இழந்து உறுதிப்பாட்டை மட்டும் குறிக்கிறது. ஆங்கிலச் சொல்லில் ஒருங்கு நின்ற இரு பொருள்களும் தமிழ்ச் சொல்லின் வரலாற்றில் முன்னும் பின்னுமாக அமைந்துள்ளன. இன்றைய பொருளில் 'நம்பிக்கையோடு இரு' என நோயாளிக்குக் கூறுவது, நலம் உறுதி என எண்ணுமாறு அவரைப் பணிப்பதாகிறது. பழம்பொருளில் அது வாழ்வை விரும்பு என்பதாகும். முன்னது நோயாளியைப் பொய்க்கு உடன்படச் செய்வது. பின்னது எந்த நிலையிலும் உண்மையாக இருக்கக்கூடியது.

கலாநிதி சென்றடையும் நம்பிக்கை இந்த நசையே ஆகும். அதற்குச் சிறந்த சான்று, குழந்தை பெறுவது குறித்துக் கணவனும் மனைவியும் பேசும் இடம். குழந்தையைப் பிரிய நேர்வது இறப்பின் வேதனையைக் கூட்டாதா என்று லூசி கேட்கிறார். கூட்டுமாயின் அது நன்றல்லவா என்னும் கருத்தில் கலாநிதி விடை தருகிறார். துன்பத்தைத் தவிர்த்தலே வாழ்வின் நோக்கம் அன்று என்னும் முடிவுக்கு இருவரும் வருகின்றனர். 2014 சூலை 4ஆம் நாள் மகள் பிறந்தாள். நீண்டநாள் வாழ்வேன் என்னும் உறுதிப்பாட்டிலிருந்து இம்முடிவு பிறக்கவில்லை. இழக்கப்போவது உறுதி என்று அறிந்தே விரும்பும் நசையிலிருந்து பிறந்தது.

எண்ணும் வாழ்நாளும்

நோய் உறுதியானதும் கலாநிதி தம் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டது கப்லான்–மையர் வரைகோட்டைப் பற்றி. நோயாளர் தொகுதியில் எத்தனை விழுக்காட்டினர் எத்தனைக் காலம் உயிரோடு உள்ளனர் என்பதைக் காட்டும் புள்ளியியல் வளைவு அது. நூலில் எம்மா என்னும் பெயர் பெறும் அம்மருத்துவர் அதைப் பற்றிப் பேச மறுத்துவிடுகிறார். கலாநிதியும் தம் நோயாளிகளிடம் எண்களைக் கூறத் தயங்கியவரே. அத்தயக்கத்தின் மறுபுறத்தை இப்போது அவர் அறிகிறார்.

எண் ஏன் தேவைப்பட்டது என்பதை அவர் விளக்கும் பகுதி நூலின் கூர்மையான பகுதிகளுள் ஒன்று. சில மாதங்களே எனின் குடும்பத்தோடு கழிக்கலாம். ஓர் ஆண்டு எனின் நூல் எழுதலாம். பத்தாண்டு எனின் அறுவை மருத்துவத்துக்குத் திரும்பலாம். எண் தெரியாதபோது எதைத் தேர்வது? புள்ளியியல் தொகுதிக்கு விடை தரும்; தனியொருவருக்கு அது விடை தருவதில்லை. இறப்பு உண்டு என்பது நோய்க்கு முன்பும் தெரியும். எப்போது என்பது நோய்க்குப் பின்பும் தெரியாது. நிலையாமை என்பது வாழ்நாள் குறைவு என்பதைக் காட்டிலும் வாழ்நாள் அளவிடப்படாதது என்பதையே குறிக்கிறது என்னும் தெளிவை இப்பகுதி தருகிறது. எம்மா எண்ணுக்கு மாற்றாக ஒரு வினாவைத் தருகிறார்: எது உங்களுக்கு முதன்மையானது? அவ்வினாவுக்குரிய விடையும் நாள்தோறும் மாறுவதைக் கலாநிதி பதிவு செய்கிறார்.

இவ்விடத்தில் மருத்துவ வரலாறும் கருதத்தக்கது. அவருடைய கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் மரபணுவின் பிறழ்வு இருந்தது. அப்பிறழ்வுக்கும் குறிவைத்துச் செயல்படும் மாத்திரைகளுக்கும் உள்ள தொடர்பு 2004ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. அவர் உட்கொண்ட எர்லோடினிப் மாத்திரை அவ்வாண்டு இறுதியில்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதன் எதிர்ப்பைக் கடந்து செயல்படும் ஓசிமெர்டினிப் 2015 நவம்பரில், அவர் மறைந்து எட்டு மாதங்களுக்குப்பின், ஒப்புதல் பெற்றது. பத்தாண்டு முன்னர் நோயுற்றிருப்பின் அவருக்கு மாத்திரையே கிடைத்திராது. சிறிது பின்னர் நோயுற்றிருப்பின் மற்றொன்றும் கிடைத்திருக்கக்கூடும். ஒருவர் வாழ்நாள் அவர் மனவலிமையை மட்டும் பொறுத்தது அன்று என்பதை இக்கால வரிசை தெளிவாக்குகிறது. வாகை மொழி இவ்வுண்மையை மறைக்கும். காஞ்சி மொழி இதனை ஏற்கும்.

பிறர்க்கென உழைத்தல்

புறநானூற்றின் 182ஆம் பாடல், இவ்வுலகம் நிலைபெற்றிருப்பது தமக்கென முயலாது பிறர்க்கென முயலும் சான்றோர் இருப்பதனால் என்று காரணம் கூறுகிறது. அதன் ஆசிரியர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. தன் இறப்பாலேயே பெயர் பெற்ற ஒருவர் உலகின் நிலைபேற்றைப் பாடியிருப்பது காஞ்சி நோக்கில் கருதத்தக்கது. நிலையில்லாத தனிவாழ்வும் நிலைபெறும் உலகும் 'பிறர்' என்னும் புள்ளியில் இணைகின்றன.

மாத்திரையால் கட்டிகள் சுருங்கியதும் கலாநிதி அறுவை அரங்குக்குத் திரும்பினார். முதல் நாளில் பாதி அறுவையிலேயே தலைசுற்றி விலக நேர்ந்தது. இளைய மருத்துவரே அதை முடித்தார். பின்னர் வலிமை பெற்று முழுப்பணியாற்றினார். நோயாளியிடம் அறுவைக்கு ஒப்புதல் பெறுவதைச் சட்டச் சடங்காகக் கொள்ளாது, துன்புறும் மற்றொரு மனிதரோடு செய்துகொள்ளும் உடன்படிக்கையாகக் கருதியவர் அவர். அந்த உடன்படிக்கையே அவரை மீண்டும் அரங்குக்கு இழுத்தது. முழுமையை எவரும் எட்ட இயலாது, எனினும் அதனை நோக்கி இடையறாது அணுகலாம் என்று தொடுகோட்டின் உருவகத்தால் அவர் கூறுவது இப்பணியுணர்வின் சாரம்.

ஆனால் இப்பணியைத் தன்னல மறுப்பாக மட்டும் காண்பது பொருந்தாது. நோய்க்கு முன்னர் பணியே மணவாழ்வில் விரிசலை உண்டாக்கியது என்பதை நூல் மறைக்கவில்லை. விஸ்கான்சினில் கிடைத்த உயர்ந்த பதவியை அவர் ஏற்காது விட்டதையும் இத்தோடு சேர்த்துக் காணவேண்டும். பிறர்க்கு உதவுதல் எங்கே முடிந்து தன்னை நிறுவிக்கொள்ளும் வேட்கை எங்கே தொடங்குகிறது என்பதை நூல் தெளிவாக வரையறுக்காமல் விடுகிறது. அவ்வாறு விட்டது நூலின் குறையன்று, நேர்மை எனலாம்.

நோய் மீண்டும் பெருகி அறுவைப்பணி முடிவுற்றபின், உதவும் வழி எழுத்தாயிற்று. மருந்தின் விளைவால் விரல் நுனிகள் வெடித்தபோது, விசைப்பலகையை இயக்க உதவும் வெள்ளியிழைக் கையுறை அணிந்து அவர் எழுதினார் என்று லூசி பதிவு செய்கிறார். இறப்பை மிகைப்படுத்திக் காட்டுவதோ, கிடைக்கும்போதே நுகர்ந்துகொள்க என அறிவுறுத்துவதோ தம் நோக்கம் அன்று என்று நண்பருக்கு எழுதிய மடலில் அவர் குறிப்பிட்டதையும் பின்னுரை தருகிறது. வாசகர் அவரிடத்தில் சற்றே நின்று, இவ்விடத்திலிருந்து பார்த்தால் இவ்வாறு தோன்றும் என்று அறிந்து திரும்பவேண்டும். பின்னர் அவர்க்கே அந்நிலை வரும்போது அது முற்றிலும் அயலானதாக இராது. இதுவே அவர் கருதிய உதவி. அறிவுரை கூறும் உதவியைக் காட்டிலும் இடம் காட்டும் உதவி அரியது.

தேற்றும் சொல்லின் தன்மை

நூலின் இறுதியை ஒட்டி எம்மா மீண்டும் ஓர் எண்ணைக் கூறுகிறார். முன்னர் எண்ணைப் பேச மறுத்தவர், இப்போது ஐந்து நல்ல ஆண்டுகள் உள்ளன என்கிறார். வருவதுரைப்பவரின் உறுதி அவர் குரலில் இல்லை, மன்றாட்டே ஒலித்தது என்று கலாநிதி உணர்கிறார். மருத்துவருக்கும் தேறுதல் தேவைப்பட்டதை நோயாளி கண்டுகொள்ளும் இடம் அது.

சங்க அக மரபில் இதனை ஒத்த ஒரு சூழல் உண்டு. தலைவன் திரும்புவதாகக் கூறிச்சென்ற கார்ப்பருவம் வந்துவிட்டது; அவன் வரவில்லை. தோழியோ இது கார்ப்பருவமே அன்று என்று கூறித் தலைவியை ஆற்றுவிக்கிறாள். குறுந்தொகை 66ஆம் பாடலில் கொன்றை மரங்கள் அறிவின்மையால் பருவம் அல்லாத காலத்துப் பூத்துவிட்டன என்று அவள் உரைக்கிறாள். கண்முன் பூத்த கொன்றையைத் தலைவியும் காண்கிறாள். தோழியின் கூற்று மெய்யன்று என்பது பாடலைக் கேட்போர் அனைவர்க்கும் தெரியும். ஆயினும் அதனைப் பொய் என்று எவரும் இகழ்வதில்லை. அச்சொல்லின் பொருள் பருவத்தைப் பற்றியது அன்று. உன்னோடு நான் இருக்கிறேன் என்பதே அதன் பொருள். எம்மாவின் ஐந்தாண்டும் இத்தகைய சொல்லே. செய்தியாக அது பொய்த்தது. அன்பாக அது பொய்க்கவில்லை.

தொடாக்காஞ்சியும் பின்னுரையும்

காஞ்சித்திணையின் துறைகளுள் தொடாக்காஞ்சி ஒன்று. போரில் புண்பட்டு மனையில் கிடக்கும் கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காத்தலை அது பொருளாகக் கொண்டது. அரிசில்கிழாரின் புறநானூற்று 281ஆம் பாடல் இத்துறையைச் சார்ந்தது. மனையில் வேப்பிலையும் இரவ இலையும் செருகி, யாழும் பிற இயங்களும் இசைத்து, ஐயவி தூவி, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்பிப் புண்ணுற்றவனைக் காப்போம் வா என்று ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள். இப்பாடலில் இரு கூறுகள் சிறப்பாக நோக்கத்தக்கன. முதலாவது, அவன் பிழைத்தானா என்பதைப் பாடல் கூறவில்லை. புண்ணைச் சுட்டும் சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. இரண்டாவது, காத்தல் தனியொருத்தியின் செயலாக அமையவில்லை. தோழியும் அதற்கு அழைக்கப்படுகிறாள்.

சொன்டாக் மறுத்த போர் உருவகத்துக்கு இத்துறை ஒரு மாற்றைத் தருகிறது. இங்கே போர் ஓய்ந்துவிட்டது. களம் மனையாகிவிட்டது. வீரன் செய்யத்தக்கது ஏதும் இல்லை. சூழ இருப்போர் செய்யத்தக்கனவே எஞ்சியுள்ளன. வெற்றி தோல்வி என்னும் சொற்கள் இம்மனைக்குள் பொருளற்றவை. காத்தலே பொருளுடையது.

லூசியின் பின்னுரை இம்மனையின் உரைநடை வடிவம் எனலாம். மூளைக்கும் நோய் பரவியது, இறுதி நாளில் மூச்சு திணறியது, செயற்கைச் சுவாசக் குழாயை ஏற்பதில்லை எனக் கலாநிதி முடிவு செய்தது, குடும்பத்தார் சூழ அவர் அடங்கியது ஆகியன அதில் அடக்கமான நடையில் கூறப்படுகின்றன. அவரும் மருத்துவரே ஆயினும் பின்னுரையில் அவர் மொழி காப்போரின் மொழியாகவே உள்ளது. நூல் ஒருவகையில் முற்றுப்பெறாதது என்பதையும், அந்த முற்றுப்பெறாமையே அதன் உண்மையின் ஒரு பகுதி என்பதையும் அவர் சுட்டுகிறார். கலாநிதி எழுதிய பகுதி, மொழியறியாக் கைக்குழந்தையான மகளை விளித்து முடிகிறது. இறக்கும் ஒருவரின் நாள்களை நிறைத்த மகிழ்ச்சியை அவள் பிற்காலத்தில் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். பிறர்க்கு உதவியவர், பிறரால் தாம் பெற்றதை ஒப்புக்கொள்வதில் நூல் நிறைவுறுகிறது. காப்பவரும் காக்கப்படுபவரும் இடம் மாறும் இம்முடிவு தொடாக்காஞ்சியின் எல்லையையும் கடந்தது.

நூலின் எல்லைகள்

இத்துணைச் சிறப்புடைய நூல் சில எல்லைகளையும் கொண்டுள்ளது. தாம் பணியாற்றிய மருத்துவமனையிலேயே, தம் துறையினராலேயே சிகிச்சை பெற்றவர் ஆசிரியர். நோயின் மொழியை அவர் முன்பே அறிந்தவர். இந்தியாவில் நுரையீரல் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுகிறது. காசநோய் எனக் கருதப்பட்டுச் சிகிச்சையில் காலம் கழிவதும் உண்டு. அத்தகைய நோயாளிக்கு எது முதன்மை என்னும் எம்மாவின் வினா எழும் முன்னரே, மருந்தின் விலையும் பயணத்தின் செலவும் விடையை முடிவு செய்துவிடுகின்றன. பொருள் தேடும் உரிமை பொருள் உடையோர்க்கே எளிதில் வாய்க்கிறது என்னும் உண்மையை நூல் தொடவில்லை.

முதற்பகுதியில் வரும் நோயாளிகள் பெரும்பாலும் ஆசிரியரின் கல்விக்குத் துணையான நிகழ்வுகளாகவே நிற்கின்றனர்; அவர்களுடைய குரல் குறைவாகவே கேட்கிறது. செவிலியர் பணியும் போதிய இடம் பெறவில்லை. தொடாக்காஞ்சியில் மனையே பேசுகிறது. நூலின் முதன்மைப் பகுதியிலோ அறுவை அரங்கே பேசுகிறது. மனையின் குரல் பின்னுரையில்தான் எழுகிறது. இந்தச் சமனின்மையைப் பின்னுரை ஓரளவு நேர்செய்கிறது.

தொகுப்புரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

கலாநிதியின் நூல் முன்வைக்கும் நம்பிக்கை, நலம்பெறுவேன் என்னும் உறுதிப்பாட்டைச் சார்ந்ததாக இல்லை. 'நம்பு' என்பதற்குத் தொல்காப்பியர் தந்த நசைப்பொருளோடு அது ஒத்துச்செல்கிறது.

பிறர்க்கு உதவுதல் என்பது இந்நூலில் மூன்று நிலைகளில் அமைகிறது: அறுவைப்பணி, எழுத்து, பிறர் தமக்குத் தந்ததை ஒப்புக்கொள்ளுதல். இவற்றுள் மூன்றாவதே அரிதிற் பேசப்படுவது. நூலின் உச்சமும் அதுவே.

நோயைப் போராகவும் நோயாளியை வென்றவர், தோற்றவர் எனவும் கூறும் வழக்குக்கு மாற்றான ஒரு மொழி, காஞ்சித்திணையிலும் குறிப்பாகத் தொடாக்காஞ்சித் துறையிலும் கிடைக்கிறது. இது பழம்பெருமை பேசுவதற்குரிய செய்தி அன்று. நோயுற்ற ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் பேசுவோரும் இன்று கையாளத்தக்க கருவி அது. புற்றுநோய் அனுபவத்தைக் கூறும் தமிழ்த் தன்வரலாறுகளையும் கதைகளையும் இந்நோக்கில் ஆராய்வது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். அவ்வாய்வு, மருத்துவமனைப் படுக்கையருகே அமர்ந்திருப்போர் என்ன சொல்வதென்று அறியாது திகைக்கும் பொழுதில் அவர்க்குச் சில சொற்களையேனும் தருமாயின், தமிழாய்வு தன் பயனை எய்தியதாகும்.